அம்மம்மாவின் செபப்புத்தகம்

முல்லைத்தீவில், கடலோரத்து எங்கள் வீட்டில், பொழுதுபட்டு அரிக்கன் லாம்பு கொளுத்தியதும் அம்மம்மா செபப்புத்தகத்தை எடுப்பார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. செபம் முழுக்க மனப்பாடம். ஆனாலும் பக்கம் புரட்டித்தான் சொல்லுவார். புத்தகம் கைதவறி விழுந்தால், எடுத்து முத்தமிட்ட பிறகுதான் அடுத்த வரி.

யூதர்களும் விழுந்த செபநூலை எடுத்து முத்தமிடுவார்கள் என்று பின்னாளில் அறிந்தேன். பழசாகிக் கிழிந்தால் எறியமாட்டார்கள்; மண்ணில் அடக்கம் செய்வார்கள். அந்த நூலின் பெயர் சித்தூர். எபிரேயத்தில் 'ஒழுங்கு' என்று பொருள். கி.பி. 70இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் பலிபீடம் இல்லை. பலியின் இடத்தைச் செபம் எடுத்துக்கொண்டது. 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் இருந்த அம்ராம் காவோன், ஸ்பெயின் யூதர்கள் கேட்டதற்கிணங்க, செபங்களை வரிசைப்படுத்தி எழுதி அனுப்பினார்.

எங்கள் சனத்துக்கும் அப்படியொரு காலம் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள், ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். சுவாமியார் வராத மாதங்களில் சனத்தைக் கூட்டிச் செபம் சொல்விப்பது அவர்கள் பொறுப்பு. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அவர்களுக்குத் தமிழில் நூல்கள் எழுதிக் கொடுத்தார். அவை கையால் படியெடுக்கப்பட்டே ஊரூராகப் போயின.

2009இல், போரின் கடைசி மாதங்களில், அந்தப் பொறுப்பு அம்மாவிடம் வந்தது. புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன் வரை அம்மம்மாவின் புத்தகத்தைச் சொப்பின் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். பங்கருக்குள் மாலைச் செபம் ஒருநாளும் தவறவில்லை. சுவாமியாரைத் தேட வழியில்லாத இடத்தில், அயலில் செத்தவர்களுக்கு மரித்தோர் செபத்தை அவரே வாசித்தார். ஆழத்திலிருந்து ஆண்டவரைக் கூப்பிடும் சங்கீதம் அதில் உண்டு, சித்தூரிலும் உண்டு. செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஒரு தாள் மட்டும் தைப்பு விட்டுக் கழன்றிருந்தது.

ஊர் திரும்பியதும் ஐயா வலை பொத்த நைலோன் நூல் வாங்கினார். அதில் ஒரு முழம் கேட்டு வாங்கி, அம்மா அந்தத் தாளைத் தைத்தார். இப்போது என் மகள் வாசிக்கிறாள். அந்தப் பக்கம் வந்தால் அவள் விரல் நீல நூலில் ஒருகணம் தட்டி நிற்கும்.