சென்னை – பலாலி வான்தொலைவு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்வான் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் 415 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். ஆக, வான்கணக்கில் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணமே கிட்ட.

இந்தத் தொலைவைத் தாளும் பேனாவும் இருந்தாலே கண்டுவிடலாம். இரு நிலையங்களும் அநேகமாக ஒரே தீர்க்கக்கோட்டில், 80 பாகை கிழக்கை ஒட்டி அமைந்துள்ளன. மீனம்பாக்கத்தின் அட்சம் 12 பாகை 59 கலை. பலாலியுடையது 9 பாகை 47 கலை. வேறுபாடு 192 கலை. அட்சத்தில் ஒரு கலை ஒரு கடல் மைல் என்பதால் தொலைவு 192 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். வேறு எந்த இரு ஊர்களுக்கும் கணக்கு இவ்வளவு எளிதாக அமைவது அரிது. நேர்கோட்டில் சென்றால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கரை மறையும். கோடியக்கரை மேற்கே ஒதுங்க, பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு தெரியும்.

இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அதன்படி முக்கால் மணி நேரம் போதும். அட்டவணையிலோ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை குறிக்கப்படுகிறது. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரை எல்லாமே பயண நேரக் கணக்கில் சேரும். சென்னையின் முதன்மை ஓடுபாதை கிழக்கு மேற்காக உள்ளதால், மேலெழுந்த விமானம் தெற்கே திரும்பியாக வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இரு நாட்டிலும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரத்தை மாற்றிவைக்கும் வேலை இல்லை.

பலாலித் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் வான்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோன் தன் முதல் சேவையைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகவே சென்னைக்கு நடத்தியது. பின்னாளில், உள்நாட்டுப் போர் இந்த வழியை முற்றாக அடைத்தது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர்கள் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 640 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அங்கிருந்து அதே அளவில் பாதிக்கும் கூடுதலான தொலைவைத் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வர வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரப் பறப்பு, ஏறத்தாழ ஒரு முழு நாள் பயணமாக நீண்டது. இரு கரையிலும் உறவு வைத்திருந்த குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பல்ல.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12-இல் மீண்டது. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோவும் இதே தடத்தில் பறக்கத் தொடங்கியது.