உண்ணாநின்றான்: நிகழ்காலத்தின் நீளம் பற்றி

வாழையிலை முன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுகிறார் என்கிறோம். கிட்டத்தில் போய்ப் பார்த்தால், சாப்பிடுதல் என்று தனியாக ஒரு செயல் அங்கே அகப்படுவதில்லை. கை சோற்றில் குழி பறிக்கிறது, சாம்பார் விழக் காத்திருக்கிறது, பிசைகிறது, கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகிறது. வாய் மெல்கிறது, விழுங்குகிறது. நடுவில் அவர் நிமிர்ந்து, ரச வாளி எந்தப் பந்தியில் நிற்கிறது என்று பார்க்கிறார். அந்தச் சில நொடிகள் கையும் சும்மா இருக்கிறது, வாயும் சும்மா இருக்கிறது. அப்போது வாசலில் ஒருவர் வந்து அவரைத் தேடினால், 'சாப்பிடுகிறார், உட்காருங்கள்' என்றுதான் சொல்வோம். பொய் சொன்னோம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு மட்டும் உரை கண்ட சேனாவரையர், வினையியலில் மூன்று காலங்களை விளக்குமிடத்தில் இந்த இலைக்கு முன்னால்தான் நின்றிருக்கிறார். அவர் வாதத்தை என் சொற்களில் தருகிறேன். தொழில் என்பது ஒரு பொருளின் புடைபெயர்ச்சி, அதாவது அசைவு. புடைபெயர்ச்சி ஒரு கணம் நிற்கும், இரண்டாம் கணத்துக்கு இராது. எனவே கறாராகப் பார்த்தால் தொழிலுக்கு நிகழ்ச்சி என்ற நிலையே கிடையாது. ஆனால் உண்டல், தின்றல் என்று நாம் பெயரிடுவது ஒரு புடைபெயர்ச்சிக்கு அன்று, பல தொழில்களின் தொகுதிக்கு. அந்தத் தொகுதியை ஒரே தொழிலாகக் கொள்ளும்போது, தொடங்கியது ஆனால் முடியவில்லை என்னும் ஓர் இடைநிலை பிறக்கிறது. 'உண்ணாநின்றான்', அதாவது உண்கிறான், என்று சொல்ல இடம் கிடைப்பது அதனால். பஃறொழிற்றொகுதி என்பது அவர் ஆளும் தொடர்.

உரைகாரர் ஓர் இலக்கணச் சிக்கலைத் தீர்த்தார் என்று இதை எளிதாகக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்துவிடக் கூடாது என்பதே என் வாதம். நிகழ்காலம் எவ்வளவு நீளம் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உளவியல் கேட்டுவந்த கேள்விக்கு, எத்தனை மில்லி விநாடி என்ற விடையைவிட, எதை ஒன்றாகக் கொள்கிறோம் என்ற விடையே சோதனைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

சேனாவரையர் வடமொழி நூல்களில் தோய்ந்தவர். ஆகவே இதை முழுக்க அவர் சொந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது. நியாய சூத்திரத்தில் ஒரு பூர்வபட்சம், அதாவது மறுப்பதற்காக எடுத்துவைக்கும் எதிர்த்தரப்பு வாதம், வருகிறது. காம்பிலிருந்து ஒரு கனி விழுகிறது. விழுந்து கழிந்த தொலைவு உண்டு, இனி விழவேண்டிய தொலைவு உண்டு, இவற்றுக்கு நடுவில் 'விழுகிற' தொலைவு எங்கே? ஆகவே நிகழ்காலம் இல்லை. சூத்திரகாரரின் மறுப்பு, நிகழ்காலம் இல்லையென்றால் அதைச் சார்ந்து அறியப்படும் மற்ற இரண்டும் இல்லாமல் போகும் என்பது. உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் ஒருபடி மேலே போய்ச் சமையற்கட்டுக்குள் நுழைகிறார். பானையை அடுப்பில் ஏற்றுவது, நீர் வார்ப்பது, அரிசி இடுவது, கிளறுவது, இறக்குவது எல்லாம் சேர்ந்தே 'சமைக்கிறான்'. பர்த்ருஹரியின் வாக்கியபதீயமும், ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கும் உறுப்புகளின் கூட்டத்தை அறிவு வேறுபாடின்றி ஒன்றாக்கிக்கொள்வதே வினை என்கிறது. சேனாவரையரின் சிறப்பு, இந்தச் சிந்தனையைத் தமிழ் வினைமுற்றின் உருவத்தோடு கொண்டுவந்து பொருத்தியது. சங்கப் பாடல்களின் வினை பெரும்பாலும் இறந்த காலம், இறவாத காலம் என்ற இரண்டில் இயங்குவது. கின்று, கிறு போன்ற தனி நிகழ்கால இடைநிலைகள் பின்னால் வேரூன்றியவை. 'உண்ணாநின்றான்' என்பதற்குள் 'நின்றான்' இருப்பதையும் கவனிக்கலாம். நிகழ்வதைச் சொல்லத் தமிழ் அங்கே நிற்றலைக் கடன் வாங்கியிருக்கிறது, அதுவும் இறந்தகால உருவில்.

மேற்கே இதே முடிச்சை அகஸ்தீன் தம் 'ஒப்புதல்கள்' நூலின் 11-ஆம் பகுதியில் அவிழ்க்கப் பார்த்தார். கழிந்தது இல்லை, வருவது இன்னும் இல்லை, இருப்பதற்கோ நீளமில்லை, அப்படியானால் நாம் எதை அளக்கிறோம்? மனத்தின் விரிவை என்பது அவர் விடை. 1890-இல் வில்லியம் ஜேம்ஸ் தம் உளவியல் நூலில் அந்த விரிவுக்கு விநாடிக் கணக்கு தேடத் தொடங்கினார். நாம் உணரும் நிகழ்காலம் கத்தி முனை போன்றதன்று, உட்கார இடமுள்ள சேணம் போன்றது என்பது அவர் உவமை. இங்கேதான் வண்டி தடம் மாறியது என்று நினைக்கிறேன். விரிவு உண்டு என்றவுடன், எவ்வளவு என்ற கேள்வி முந்திக்கொண்டது. எது விரிக்கிறது என்பது பின்னால் போனது.

அளவுத் தேட்டத்துக்கு ஜேம்ஸுக்கும் முந்திய ஒரு கதை உண்டு. கிரீனிச் வானாய்வகத்தில் அரச வானியலாளராக இருந்த நெவில் மாஸ்கலின், 1796-இல் தம் உதவியாளர் டேவிட் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை அந்த உதவியாளர் தம்மைவிட 0.8 விநாடி பிந்திக் குறிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. வேலை நடந்த விதத்தைப் பார்த்தால் அந்த மனிதர் மேல் இரக்கம் வருகிறது. கண் தொலைநோக்கியில் இருக்கவேண்டும், காது ஊசல் கடிகாரத்தின் டிக் ஒலியில் இருக்கவேண்டும். ஒரு டிக்கின்போது விண்மீன் கம்பிக்கு இப்பால் எங்கே இருந்தது, அடுத்த டிக்கின்போது அப்பால் எங்கே இருந்தது என்று மனத்தில் பிடித்துவைத்து, கடந்த நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிவரை மதிப்பிடவேண்டும். பின்னாளில் ஃபிரீட்ரிஷ் பெஸ்ஸல், கைதேர்ந்த வானியலாளர்களுக்கிடையிலும் இப்படி நிலையான வேறுபாடு இருப்பதைக் காட்டினார். கண்ணின் 'இப்போது' ஒன்றாகவும் காதின் 'இப்போது' வேறாகவும் வந்து சேர்கின்றன. இரண்டையும் கட்டும் முடிச்சை ஒவ்வொருவரும் ஒரு மாதிரி போடுகிறார்கள். கின்னிபுரூக் சோம்பேறி இல்லை என்று தெரிய வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1961-இல் ஹெர்ஷும் ஷெரிக்கும் செய்த சோதனைகள் இதைக் கூர்மையாக்கின. இரண்டு சிறு ஒலிகளுக்கிடையே இரண்டு மூன்று மில்லி விநாடி இடைவெளி இருந்தாலே, கேட்டது ஒன்றல்ல, இரண்டு என்று காது சொல்லிவிடும். எது முதலில் என்று சொல்லவோ சுமார் 20 மில்லி விநாடி வேண்டியிருந்தது. ஒலியும் ஒலியும், ஒளியும் ஒளியும், ஒலியும் ஒளியும் என எந்த இணையானாலும் ஏறத்தாழ இதே அளவு. பயிற்சியில்லாதவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். இரண்டு என்று அறிவதும் முன்பின் அறிவதும் வெவ்வேறு வேலைகள் என்பதே இதில் முக்கியம். ஆனால் 20 என்ற எண் கையில் கிடைத்ததும், இதுதான் காலத்தின் அணு, நம் முன்னோர் சொன்ன கணம் இதுதான் என்று மேடையில் முழங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பொருள்களை வரிசைப்படுத்தத் தேவையான மிகச் சிறிய இடைவெளி அது. நிகழ்காலத்தின் அகலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

1969-இல் ரிச்சர்டு வாரனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சோதனை அந்த முழக்கத்துக்கு நல்ல மருந்து. சீறல், தொனி, ஒரு உயிரொலி, ரீங்காரம் ஆகிய நான்கு ஒலிகளை, ஒவ்வொன்றும் 200 மில்லி விநாடியாக, இடைவெளியில்லாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். 20-ஐப் போல் பத்து மடங்கு நேரம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. நான்கும் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் எதற்குப் பின் எது என்று கேட்டவர்களால் சொல்ல முடியவில்லை. அதே வேகத்தில் நான்கு எண்களின் பெயர்களை உச்சரித்தால் வரிசை சிரமமில்லாமல் தெரிந்தது. எண்ணுப்பெயர்கள் நமக்குப் பழகிய கோவை, சீறலும் ரீங்காரமும் அப்படி இல்லை. எந்தக் கோவைக்குள்ளும் சேராதபோது, தனித்தனியே தெளிவாக இருக்கும் ஒலிகளுக்கும் முன்பின் கரைந்துவிடுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 'எ' என்ற எழுத்துக்கு முந்தியது எது என்று திடீரெனக் கேட்டுப் பாருங்கள். பலர் உள்ளுக்குள் 'அ, ஆ' என்று தொடங்கி ஓட்டிப் பார்த்துத்தான் 'ஊ' என்பார்கள். வரிசை அங்கே தொகுதியின் சொத்து, எழுத்துகளின் சொத்தில்லை.

வாக்கியங்களிலும் இது தெரிகிறது. பேசப்படும் வாக்கியத்தின் நடுவில் ஒரு 'டிக்' ஒலியைச் சேர்த்துக் கேட்கவைத்து, அது எந்தச் சொல்லின்மேல் விழுந்தது என்று கேட்கும் சோதனையை லாடஃபோகெடும் பிராட்பெண்டும் 1960-இல் வெளியிட்டார்கள். கேட்டவர்கள் இடத்தைத் தவறவிட்டார்கள். 1965-இல் ஃபோடரும் பீவரும், அந்த ஒலி தொடர்களின் எல்லையை நோக்கி நகர்ந்ததாகக் கேட்கப்படுகிறது என்று காட்டினார்கள். தொடருக்குள் விழுந்த கல்லைத் தொடர் வெளியே தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். காது கேட்கும்போதே அப்படித் தள்ளுகிறதா, நினைவிலிருந்து விடை சொல்லும்போது அப்படி ஆகிறதா என்ற சர்ச்சை பின்னர் நெடுநாள் நடந்தது. எப்படியானாலும், முன்பின் தீர்மானமாகும் இடத்தில் தொகுதிக்குக் குரல் உண்டு என்பது நிற்கிறது.

இனி என் வாதத்துக்கு எதிராக நிற்பவை. முதலாவது: சேனாவரையர் பேசுவது சொல்லைப் பற்றி, உணர்வைப் பற்றியன்று. ஆய்வு மாணவி ஒருத்தி ஐந்து ஆண்டுகளாக 'ஆய்வேடு எழுதுகிறேன்' என்று சொல்லலாம், சொல்கிறார்களும்கூட. அந்த ஐந்து ஆண்டும் அவளுக்கு ஒரே 'இப்போது'வாக இருப்பதில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். வினைச்சொல்லின் தொகுதி எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், புலனின் தொகுதி நீளாது. எர்ன்ஸ்ட் பெப்பல் போன்றவர்கள் சொல்லும் மூன்று விநாடி எல்லைக்கு ஏதேனும் மதிப்பு இருந்தால், அது இந்த உச்சவரம்பைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு பாத்திரத்தில் இவ்வளவுதான் கொள்ளும் என்பது, அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடாது.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கடினமானது. 1972-இல் கெல்டார்டும் ஷெரிக்கும் விவரித்த 'தோல் முயல்'. மணிக்கட்டில் சில தட்டல்கள், உடனே முழங்கைப் பக்கம் சில தட்டல்கள். தட்டப்பட்டவருக்கோ, நடுவில் எதுவும் தொடாத தோலின்மேலும் ஒரு சின்ன முயல் துள்ளித் துள்ளிப் போனது போல் இருக்கும். மணிக்கட்டின் பின் தட்டல்கள் முழங்கையை நோக்கி நகர்ந்து உணரப்பட வேண்டுமானால், முழங்கையில் தட்டியது அதற்குள் மூளைக்கு எட்டியிருக்க வேண்டும். பின்னால் வந்தது முன்னால் நடந்ததைத் திருத்துகிறது. 'உண்டல்' போன்ற கருத்தோ பெயரோ இங்கே வேலை செய்யவில்லை, தோல் தானாகத் தொகுக்கிறது. ஆகவே பெயரிடுவதால்தான் தொகுதி உண்டாகிறது என்று சேனாவரையரைப் படித்தால் அவர் தோற்றுவிடுவார். ஒன்றாகக் கொள்வதால் என்று படித்தால் நிற்பார். கொள்வது யார் என்பதை அவர் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைத் தோலும் காதும் நிரப்பட்டும்.

செயலுக்கும் இதில் கை உண்டு. ஸ்டெட்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2006-இல் செய்த சோதனையில், பொத்தானை அழுத்தினால் சிறிது தாமதித்து ஓர் ஒளிச்சிமிட்டல் தோன்றும்படி பழக்கினார்கள். பழகியபின் தாமதத்தை எடுத்துவிட்டால், அழுத்துவதற்கு முன்பே ஒளிச்சிமிட்டல் வந்துவிட்டதாகச் சிலபோது தோன்றியது. என் செயலும் அதன் விளைவும் ஒரு கட்டாகப் பழகிவிட்டபின், அந்தக் கட்டின் உள்கணக்கே முன்பின்னை எழுதுகிறது.

தமிழ் இலக்கணம் இந்தத் தலைகீழ் வரிசைக்குக் காலவழுவமைதியில், அதாவது காலம் மாறிச் சொல்வதை ஏற்கும் விதிகளில், இடம் ஒதுக்கியிருக்கிறது. புறப்படத் துடிக்கும் நண்பன் இன்னும் சாப்பிடவில்லையா என்று அவசரப்படுத்துகிறான். இலையை விட்டு எழாதவன், உண்டேன், போந்தேன் என்கிறான். விரைவு காரணமாக, வராததும் நிகழ்வதும் இறந்ததாகச் சொல்லப்படலாம் என்பது விதி. இன்று 'இதோ வந்துட்டேன்' என்று வீட்டிலிருந்தபடியே போனில் சொல்பவரும் அதே விதிக்குள்தான் வருகிறார். தொகுதியின் முடிவு மனத்தில் உறுதியாகிவிட்டால், மிச்சமிருக்கும் கவளங்கள் கணக்கில் வருவதில்லை.

'டிக்' சோதனையைத் தமிழில் செய்து பார்க்க ஒரு தனிக் காரணமும் உண்டு. 'வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, போனான்' என்பதில் நான்கு செயல்களுக்கு ஒரே வினைமுற்று. 'வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான், போனான்' என்பதில் நான்கு முற்றுகள். அசைகளின் எண்ணிக்கையும் உச்சரிக்கும் வேகமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகும்படி ஒலிப்பதிவு செய்து, இரண்டிலும் 'உட்கார்' மேல் ஒரே இடத்தில் ஒலியைப் போடலாம். எண்ணெய்ச் செக்கு மாடு போல் விநாடிக் கணக்கு மட்டுமே சுற்றிவருமானால், இரண்டிலும் ஒலி ஒரே அளவுக்குத்தான் தவறாகக் கேட்க வேண்டும். சேனாவரையர் சொல்வது காதுக்கும் பொருந்துமானால், முற்றுகளால் ஆன வாக்கியத்தில் அது பக்கத்து எல்லையோடு நின்றுவிடும், எச்சங்களால் ஆனதில் இன்னும் தள்ளிப் போகும்.