இருட்டறையின் பாடபேதங்கள்

1941 நவம்பர் முதல் நாள் மாலை, நியூ மெக்சிகோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் ஆன்செல் ஆடம்ஸ் எடுத்த நிலவுதயப் புகைப்படத்தை நம்மில் பலர் அறிவோம். அதன் எந்தப் பிரதியை அறிவோம் என்பதே கேள்வி. தொடக்ககாலப் பிரதிகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரிகின்றன. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை அவர் இரசாயனத்தால் அடர்த்தியேற்றினார். பின்னாளைய பிரதிகளிலோ வானம் ஏறத்தாழக் கறுத்தேவிட்டது. பியானோ பயின்றவரான ஆடம்ஸுக்கு நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரதி அதன் கச்சேரி. சுவடிப் பதிப்பு மரபில் பழகிய நமக்கு இவை பாடபேதங்களாகவே தோன்றுகின்றன. ஒரு வேறுபாடு: இங்கே பேதம் செய்தவர் ஏடெழுதியவர் அல்லர், மூலாசிரியரே.

கணினி அச்சு கலைஞனைச் சங்கடப்படுத்தியது இவ்விடத்தில்தான். எங்கே ஒளியை மறைப்பது, எங்கே கூட்டுவது என்று கை ஒவ்வொரு தாளிலும் புதிதாக முடிவெடுத்த காலம் போயிற்று. நூறாவது பிரதியும் முதற்பிரதியும் ஒன்றாயின. கோப்பையும் மீண்டும் திறந்து திருத்தலாமே எனலாம். திறந்தாக வேண்டிய கட்டாயம் இல்லையே! இருட்டறையில் மனம் மாறாதிருப்பதற்கே உழைக்கவேண்டியிருந்தது.

தொடக்கம் ஒரு விபத்து. பாடகர் கிரஹாம் நாஷின் புகைப்படங்களுக்கு 1990இல் கண்காட்சி ஏற்பாடாயிற்று, நெகட்டிவ்களோ தொலைந்துவிட்டன. எஞ்சியிருந்த காண்டாக்ட் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து, அச்சகங்கள் வண்ணம் சரிபார்க்கப் பயன்படுத்திய ஐரிஸ் என்னும் இங்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிட்டார்கள். மறு ஆண்டே நாஷும் மாக் ஹோல்பர்ட்டும் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸைத் தொடங்கினர். தடித்த ஓவியத்தாள் நுழைவதற்காக அந்த விலையுயர்ந்த இயந்திரத்தை அறுத்துத் திருத்தினர் (உத்தரவாதமும் அதோடு போயிற்று).

அந்தத் தாள் மையை உறிஞ்சியது. வெள்ளி ஜெலட்டின் தாளின் ஆழ்ந்த கறுப்பை அதில் தேடியவர்கள் ஏமாந்தார்கள். நீர்வண்ண ஓவியத்தின் மென்மையை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வேறொரு கலை கிடைத்தது. சாய மைகள் விரைவில் வெளிறின. 2000த்தையொட்டி வந்த நிறமி மைகள் நிலைத்தன. ஆனால் விளக்கொளியில் நடுநிலையாகத் தெரிந்த சாம்பல் நிறம் வெயிலில் பச்சையாயிற்று. 2005இல் எப்சன் நிறுவனம் மூன்று அடர்த்திகளில் கறுப்பு மைகளைத் தந்த பிறகே அக்குறை பெரிதும் தணிந்தது. கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்தப்போவதாகக் கோடக் அறிவித்ததும் அதே ஆண்டுதான். பழைய தாளின் பளபளப்பைப் பின்பற்றிய இங்க்ஜெட் தாள்கள் பிற்பாடு வந்தன. எமக்கு அவை சற்றே பயந்த முயற்சிகளாகவே படுகின்றன.

நாஷின் பழைய ஐரிஸ் இயந்திரம் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அதில் அச்சான டேவிட் கிராஸ்பியின் உருவப்படமும் உடன் இருக்கிறது. நாஷ் அதை எடுத்தது 1969இல், ஃபிலிமில்.