ஏரியறிவும் உயர்கல்வியும் (பாகூர், வில்லியனூர்)

புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான பாகூர், வில்லியனூர் ஆகியவற்றில் நீர், நிலம், பயிர் பற்றி ஊரார் வைத்திருக்கும் பட்டறிவையும், நீடித்த வளர்ச்சி குறித்த உயர்கல்விக்கு அது வழிகாட்டுவதையும் பற்றியது இக்கட்டுரை.

பாகூரின் கல்வி வரலாறு பல்லவர் காலத்துக்குப் போகிறது. நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் (பொ.ஆ. 877) சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், வாகூர் (இன்றைய பாகூர்) வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் 3 ஊர்கள் கொடையாக விடப்பட்டதைக் கூறுகின்றன. கொடை வேண்டி மன்னனிடம் விண்ணப்பித்தவன் நிலைதாங்கி என்ற தலைவன். வடமொழியும் தமிழும் கொண்ட இவ்வேடுகள் 1879இல் கண்டெடுக்கப்பட்டன. வித்தியாஸ்தானத்தைப் பல்கலைக்கழகம் என்று சிலர் எழுதுவது மிகை. கல்லூரி என்பதே பொருந்தும். அங்கு கற்பிக்கப்பட்டவை வேதம், வேதாங்கம் முதலான 14 வித்தைகள். ஏரிக்கரை கட்டுவதும் மடை திறப்பதும் அவற்றுள் இல்லை. ஊர்களின் விளைச்சலில் நடந்த கல்லூரி, உழவரை ஆசிரியராகக் கொள்ளவில்லை.

ஏரி பற்றிய அந்த அறிவு வேறிடத்தில் வளர்ந்தது. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. எந்த மடையை எத்தனை விரல் தூக்கினால் கடைமடை வயல் நனையும், கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு எப்போது போய்ச்சேரும், கோடையில் அள்ளும் வண்டலை எந்த மண்ணில் கொட்டலாம் என்பதெல்லாம் ஏரிநீரைப் பங்கிட்டுவிடும் நீர்கட்டியின் கணக்கு. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் இக்கணக்கு கேட்பாரற்றுப் போனது. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரும் உவர்க்கத் தொடங்கியது.

ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 1999இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் புதுச்சேரியின் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டது. ஏரிச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் பழைய குடிமராமத்தில் இவர்கள் மண் சுமந்தார்கள், முடிவெடுத்தது நிலக்காரர்கள்தான். பழமையைப் புகழ்வோர் இதைச் சொல்வதில்லை.

வில்லியனூர்ப் பக்கம் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991இல் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளையார்குப்பம், சிவராந்தகம், கீழூர் ஆகிய ஊர்கள் அதில் இருந்தன. 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கணினிவழித் தகவல் தரும் கிராம அறிவு மையங்கள் வந்தன. மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் அலை உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கணினி தந்த எண்ணைத் தம் கடல் அனுபவத்தோடு ஒப்பிட்டே கட்டுமரத்தை இறக்குவதா என்று மீனவர்கள் முடிவுசெய்தார்கள்.

இனி உயர்கல்வியின் பக்கம். 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தில் சாலிம் அலி பெயரில் சூழலியல் புலம் உள்ளது. தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்திய அறிவு மரபுகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறது. கலைஞர், கைவினைஞர்களைக் கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்க வைப்பதற்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டுள்ளது. நீர்கட்டி இவ்விரு பெயர்களில் எதற்குள்ளும் எளிதில் அடங்கமாட்டார்.