நிழலிலிருந்து எலும்புக்கு

ஓர் எவர்சில்வர் தட்டை விளக்கின் முன் பிடித்துச் சுவரைப் பாருங்கள். நேராகப் பிடித்தால் நிழல் வட்டம். பக்கவாட்டில் திருப்பினால் வெறும் கோடு. ஒரே நிழலை நம்பினால் தட்டைக் குச்சி என்றும் சொல்லிவிடுவோம்! 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் தரும் படமும் எலும்பின் நிழலே. அதில் ஆழம் தெரியாது. முதுகெலும்பில் திருகாணி பொருத்தும் மருத்துவருக்கோ ஆழம் மிக முக்கியம். சில மில்லிமீட்டர் பிசகினாலும் நரம்பு பழுதாகலாம்.

பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளமைப்பை மீட்க வழி கண்டவர்களுள் ஜி. என். இராமச்சந்திரன் ஒருவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானவர் இவர். அவருடைய கிண்டி ஆய்வுக்கூடத்துக்கு அருகில், அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜன் மாதிரி தந்து உதவியது. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் இது. அதன் மூவிழை அமைப்பை எக்ஸ் கதிர் ஆய்வின் துணையோடு 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் வெளியிட்டார்.

பின்னர் பெங்களூர் சென்ற அவர், 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திருப்பி விரித்தால், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவம் தோன்றும். ஆனால் ஈரத்தில் போட்ட கோலம்போல் கலங்கியிருக்கும். விரிப்பதற்கு முன்பே நிழலின் விளிம்புகளைக் கணக்கால் கூர்மையாக்கிவிட்டால் கலக்கம் நீங்கும். வானொலி வானியலில் இத்தகைய முறை 1967-இலேயே கையாளப்பட்டது. ஆயினும் பொறியாளர்கள் இதனை இன்றும் 'ராம்-லாக் வடிகட்டி' என இவ்விருவர் பெயராலேயே அழைக்கின்றனர்.

அதே 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. அதில் கையாண்ட கணக்கு வேறு; பின்வந்த கருவிகளில் விளிம்பைக் கூர்மையாக்கும் முறையே பரவியது.

ஆழம் தெரிந்த இப்படம் 1990-களில் அறுவை அரங்கிலும் வழிகாட்டலாயிற்று. எலும்பிலும் கருவியிலும் சிறு குறிகள் பொருத்தப்படும். அகச்சிவப்புக் காமிரா அவற்றின் இடத்தை அளந்துகொண்டே இருக்கும். மருத்துவர் எலும்பின் சில புள்ளிகளைத் தொட்டுக் காட்ட, கணிப்பொறி அவற்றைப் படத்தோடு பொருத்திக்கொள்ளும். அதன் பின் கருவியின் முனை எலும்புக்குள் எங்கே செல்கிறது என்பது திரையில் தெரியும். மூட்டு மாற்றும் சில கருவிகளுக்கு ஸ்கேன் படமே வேண்டாம். தொட்ட புள்ளிகளே போதும்.

ஒன்றை மறவாதீர்கள். எலும்பில் பொருத்திய குறி சற்றே நகர்ந்தாலும் திரை தவறான இடத்தையே காட்டும்; அது தவறு என்று திரை சொல்லாது. ஆகவே தெரிந்த ஒரு புள்ளியை மீண்டும் தொட்டுச் சரிபார்த்த பிறகே தேர்ந்த மருத்துவர் மேலே செல்வார். அளந்ததை மறுபடி அளந்து பார்க்க வேண்டுமென்று ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் வற்புறுத்துவதும் இதற்காகத்தான்.