மலைப்பூண்டும் சைக்ளிக் ஏஎம்பியும்: போட்டிமுறை எலைசாவில் பிழை சாயும் பக்கம்

முன்னுரை

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் பூண்டுச் சந்தைக்குப் பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களிலிருந்து மலைப்பூண்டு வந்திறங்குகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குச் சட்டக் காப்பு கிடைத்துவிட்டது. குணத்துக்கு ஆய்வகச் சான்று வேண்டும். பூண்டு இரத்தம் கட்டுவதைத் தளர்த்தும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க ஒரு வழி, இரத்தத் தட்டணுக்களுக்குள் இருக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை அளப்பது. அது கூடினால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறையும்.

முதிர்த்த பூண்டுச் சாறு இதைக் கூட்டுகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் முதிர்த்த சாற்றில் அல்லிசின் அநேகமாக இல்லை. பச்சைப் பூண்டை நசுக்கும்போதுதான் அல்லினேஸ் நொதியால் அல்லிசின் உண்டாகிறது. ஆகவே அந்த முடிவை மலைப்பூண்டுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. புதிதாக அளந்தாக வேண்டும். அந்த அளவீட்டில் நேரக்கூடிய குறுக்கீடு, ஆய்வாளர் எதிர்பார்க்கும் முடிவின் பக்கமே சாயக்கூடியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அளவீட்டு முறை

சைக்ளிக் ஏஎம்பியின் மூலக்கூறு எடை சுமார் 329. இவ்வளவு சிறிய பொருளுக்கு உடல் தானாக எதிர்ப்பொருள் உருவாக்காது. 1969இல் ஸ்டைனர் குழுவினர் சக்சினைல் தொகுதி வழியாக அதைப் புரதத்தோடு பிணைத்து, எதிர்ப்பொருளைப் பெற்றனர். கதிரியக்க அளவீட்டுக்கு அது வழிவிட்டது. 1975இல் ஹார்ப்பரும் புரூக்கரும் மாதிரியை அசிட்டைல் ஏற்றம் செய்து உணர்திறனைப் பன்மடங்கு உயர்த்தினர். அசிட்டைல் ஏறிய மூலக்கூறு, எதிர்ப்பொருளைத் தூண்டிய சக்சினைல் வடிவத்தை ஒத்திருப்பதே காரணம்.

இன்றைய எலைசா என்ற எதிர்ப்பொருள் அளவீட்டில் கதிரியக்கத்துக்குப் பதில் நொதி. மாதிரியிலுள்ள சைக்ளிக் ஏஎம்பியும் நொதி பிணைத்த சைக்ளிக் ஏஎம்பியும், அளவோடு வைக்கப்பட்ட எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடுகின்றன. மாதிரியில் அளவு கூடினால் எதிர்ப்பொருளில் ஒட்டும் நொதி பிணைந்த வடிவம் குறையும், அந்த நொதி உண்டாக்கும் நிறமும் குறையும்.

குறுக்கீடு

சிக்கல் இந்தத் தலைகீழ் உறவில்தான் இருக்கிறது. எதிர்ப்பொருளின் பிணைப்பைத் தளர்த்தும் எதுவும், நொதியை முடக்கும் எதுவும் நிறத்தைக் குறைக்கும். கருவி அதைச் சைக்ளிக் ஏஎம்பி கூடியதாகவே எழுதும். அல்லிசின் புரதங்களின் தயோல் தொகுதிகளோடு வினைபுரியும் பொருள். தட்டணுக் கலவையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நேரே ஊற்றிச் செல்லை உடைக்கும்போது, பூண்டுச் சாற்றின் மிச்சமும் எலைசாத் தட்டின் குழிக்குள் போய்விடுகிறது. நியமக் கரைசல்களில் அதே செறிவில் அமிலம் இல்லாவிட்டால், அமிலத்தாலேயே பிணைப்பு குறைந்து எண் பொய்யாக உயரும்.

சைக்ளிக் ஏஎம்பியை ஒத்த ஏடிபியையும் மறக்கக்கூடாது. செல்லில் அது சைக்ளிக் ஏஎம்பியைவிட ஆயிரம் மடங்கு அளவில் இருப்பதுண்டு. அந்நிலையில் எதிர்ப்பொருள் ஏடிபியை 0.1 சதவீதம் ஏற்றாலே காட்டும் எண் இரட்டிப்பாகும். உயர் தாவரங்களில் சைக்ளிக் ஏஎம்பி உண்டா என்பது 1970களில் பெரும் விவாதமானதற்கு இத்தகைய குறுக்கீடுகளும் காரணம்.

தேவையான சான்றுகள்

முதலாவது, தட்டணு சேர்க்காத பூண்டுச் சாற்றையே எல்லாப் படிகளிலும் கொண்டுசென்று, அது எதையும் காட்டவில்லை என்று நிறுவ வேண்டும். இரண்டாவது, மாதிரியைப் பாதிச் செறிவுக்கு நீர்க்கச் செய்தால் எண்ணும் பாதியாக வேண்டும். மூன்றாவது, சைக்ளிக் ஏஎம்பியை நிச்சயமாக உயர்த்தும் பொருளோடு ஒப்பிட வேண்டும். அதற்குச் சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கின் ஃபோர்ஸ்கோலின் போதும்.

இவற்றைவிட வலுவானது நொதியால் அழித்துப் பார்ப்பது. அமிலத்தை நடுநிலையாக்கிய மாதிரியின் ஒரு பகுதியில் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைச் சேர்த்து வினைபுரியவிட்டு, பிறகு கொதிக்கவைத்து நொதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். சைக்ளிக் ஏஎம்பி கொதிநிலையைத் தாங்கும். ஆனால் இந்த நொதியிடம் தப்பாது. நொதி முழுமையாக வேலைசெய்திருந்தால், அதன்பின்னும் மிஞ்சும் எண் குறுக்கீடு. சைக்ளிக் ஏஎம்பி சிதையாதிருக்கச் சேர்க்கும் ஐபிஎம்எக்ஸ் உள்ள மாதிரியில் இச்சோதனை செல்லாது, ஏனெனில் அது இதே நொதியைத் தடுப்பது. ஆகவே அது சேராத மாதிரித் தொகுதி ஒன்றும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால், பூண்டு சைக்ளிக் ஏஎம்பியின் உற்பத்தியைக் கூட்டுகிறதா, சிதைவைத் தடுக்கிறதா என்பதற்கும் துப்புக் கிடைக்கும்.

முடிவுரை

நிறம் குறைந்ததை மட்டும் வைத்து மலைப்பூண்டு சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டுகிறது என்று எழுதுவது முறையன்று. நொதியால் அழிந்த பங்கு எவ்வளவு என்று காட்டாத கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும். இச்சோதனைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நொதியும் சில குழிகளும்தான்; கல்லூரி ஆய்வகத்துக்கும் இது எட்டும் செலவே. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் நம்பிப் படிக்கப்போகும் கூற்றுக்கு இந்த அளவு உழைப்பு கடமையாகும்.