சர்வகலாசாலைப் பரீட்சையும் இராமாநுஜனாரும்

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல பிள்ளைகள் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சைக்குப் படித்து வருகின்றனர். அவருட் சிலர் தமக்கு விருப்பமான ஒரு பாடத்தையே இரவும் பகலும் பயின்று, ஏனையவற்றைக் கடைசி மாதத்திற் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிடுகின்றனர். அதனால் விளையும் இடர் இன்னதென்பதைக் கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜனாரின் சரித்திரம் காட்டுகின்றது. அதனை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலைக்கு அந்நாளில் மெட்ரிகுலேஷன் பரீட்சையே தலைவாயில். அதில் தேறியோர் கலாசாலையிற் பயின்று எப்.ஏ. பரீட்சையிலும் தேறினாலன்றிப் பி.ஏ. வகுப்பை எட்ட இயலாது.

கும்பகோணத்திற் படித்த இராமாநுஜனார் 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, 1904-இல் அவ்வூர் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். அச்சம்பளம் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் வல்லார்க்கு வழங்கப்படுவது. ஆகவே, ஆங்கிலம் அவர்க்கு எட்டாத பாடமன்று. எனினும், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று கைக்கு வந்தபின் அவர் மனம் பிறிதொன்றிற் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், மேல்வகுப்புக் கிட்டவில்லை, உபகாரச் சம்பளமும் நின்றது. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்து, நோயுற்று இடையில் நின்றார். 1907-இல் தனித்தே எப்.ஏ. எழுதினார். கணிதத்தில் தேறியும் ஏனைய பாடங்களில் தவறினமையால் கதவு அடைபட்டது.

பின்னர் வறுமையே துணையாயிற்று. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அவர்கள் அவர்தம் ஆற்றலை அறிந்து சிலகாலம் மாதந்தோறும் பொருளுதவினார். 1912-இல் இராமாநுஜனார் சென்னைத் துறைமுகத்திற் குமாஸ்தாவானார். கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு 1913-இல் அவர் கடிதம் எழுதிய பின்னரே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகட்கு அளித்தது. 1914-இல் இங்கிலாந்து சென்று, 1918-இல் ராயல் சொசைட்டி அங்கத்தினரானார்.

“தவறியும் உயர்ந்தாரன்றோ?” எனப் பிள்ளைகள் வினவலாம். அவர் எப்.ஏ. தவறியது முதல் சர்வகலாசாலையின் உதவி வந்தது வரை கழிந்தவை ஐந்தாண்டுகளுக்கு மேல். வாழ்ந்தவையோ முப்பத்திரண்டே ஆண்டுகள். அவ்விழப்பை யார் ஈடுசெய்வார்? ஆதலின், மாணாக்கர் தமக்குக் கடினமான பாடத்தையே காலையில் முதலிற் கையிலெடுக்க வேண்டும். முன்னாள் வினாத்தாள்களை எல்லாப் பாடங்களிலும் நேரம் வரையறுத்து எழுதிப் பழக வேண்டும். விருப்பப் பாடம் ஓடிப்போகாது; விட்ட பாடமே காலை வாரும்.

பெற்றோர்க்கும் நம் சங்கத்தார்க்கும் ஒன்று கூறுவோம். தேறினவர்க்கு மாலையிட ஆட்கள் பலர். தவறிய பிள்ளை வீட்டுத் திண்ணையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கையில் அவனை அணுகி, “எப்பாடத்தில் தவறினாய்? மறுமுறை எழுதப் பணம் எவ்வளவு வேண்டும்?” என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? அங்ஙனம் கேட்போர் பெருகுவாராக.